பேர் வெட்டின பாத்திரம்

சுலோச்சனா வீட்டில் காசு கொடுத்து வாங்கிய பொருள் என்று ஏதாவது இருந்தால் அது உப்பு ஜாடிதான் என்று எதிர்வீட்டுச் சொக்கம்மாள் சொல்வாள். அதுகூடச் சந்தேகம்தான். ஜாடிக்கு மூடி கிடையாது. மூடியில்லாத ஜாடியை எவள் காசு கொடுத்து வாங்குவாள்?

ஓசியில் எது கிடைக்கும், எங்கே கிடைக்கும், வரிசையில் எந்த இடத்தில் நின்றால் தீருவதற்குள் கைக்கு வரும் என்பதெல்லாம் சுலோச்சனாவுக்கு அத்துபடி. டீத்தூள் கம்பெனி வேன் திருப்புலிவனம் கோயிலண்டை நின்று இலவச டீ கொடுத்தால் எல்லாரும் டம்ளரோடு போவார்கள், அவள் தவலையோடு போவாள். உரக் கம்பெனிக்காரன் விவசாயிகள் கூட்டம் போட்டால் புருஷன் சின்னராசுவை இழுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காரவைத்து, துண்டும் தொப்பியும் கைக்கு வந்ததும், பேச்சு தொடங்குவதற்குள் எழுப்பிக்கொண்டு வந்துவிடுவாள். உத்திரமேரூரில் புது ஜவுளிக்கடை திறந்த அன்று ரவிக்கைத் துணி கொடுத்தார்கள். முக்காடு போட்டுக்கொண்டு ஒரு தரம், போடாமல் ஒரு தரம் வாங்கினாள். மாதாகோயிலில் பால் பவுடர் கொடுக்கிற ஞாயிற்றுக்கிழமை முழுப் பிரசங்கத்தையும் கைகட்டிக் கேட்பாள். மறுநாள் விடிந்தால் பெருமாள் கோயில் பொங்கலுக்கு நிற்பாள். எந்தச் சாமியும் அவளைக் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சிரித்த தெருவுக்கு அவள் கஷ்டமும் தெரியும். சின்னராசு அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் வைக்கிறவன். ஏரி நிரம்பினால் சோறு, நிரம்பாத வருஷம் வேர்க்கடலை உடைக்கிற மில்லில் கூலி. அந்த வரும்படியில் இரண்டு பெண் குழந்தைகளும், தாய் தகப்பன் போய்ச் சேர்ந்தபிறகு இவளிடம் வந்து ஒண்டிக்கொண்ட தங்கை அம்முலுவும் வயிறு காயாமல் இருந்தார்கள் என்றால் அது சுலோச்சனாவின் ஓசி மூக்கு செய்த வேலை. அதற்காகச் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியுமா?

ஒரு விஷயத்தில் மட்டும் தெரு சிரிக்கவில்லை. எமர்ஜென்சி சமயத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் போட்டார்கள். ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களுக்குக் கையில் பணமும் பச்சை பிளாஸ்டிக் வாளி ஒன்றும். சின்னவள் பிறந்து தீட்டுக் கழிந்த கையோடு, புருஷனை ஒரு வார்த்தை கேட்காமல் சுலோச்சனா போய்ப் படுத்துவிட்டாள். வாளியோடு வந்து நின்றவளைச் சின்னராசு திட்டவில்லை, அடிக்கவில்லை. வாளியை எட்டிப் பார்த்தான்.

"ஆம்பளப் புள்ளய இனிமே இதுலதான் மொண்டு எடுக்கணுமா?" என்றான்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை. பேசாத புருஷன் கிடைத்தது பாக்கியம் என்று சுலோச்சனா நினைத்துக்கொண்டாள். வாளியும் நல்ல கெட்டி.

இப்படி இருக்கையில் அம்முலுவுக்கு ஒரு வரன் வந்தது. வயது இருபதைத் தாண்டிய பெண், மூன்றாவது வரைக்கும் படித்தவள், கையை வீசி நடக்காதவள், பேசினால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. பையன் கிருஷ்ணசாமி திருப்புட்குழிக்காரன், லாரி ஷெட்டில் வேலை. பெண்ணைப் பிடித்துவிட்டது. அவன் அம்மா ராணியம்மாள் பொன் கேட்கவில்லை, பூமி கேட்கவில்லை.

"எவர்சில்வர் சாமான் ஒரு செட்டு வெச்சிடு, போதும். அலுமினியத்தத் தூக்கிக்கினு எவளும் எங்க வூட்டுப் படி ஏறக்கூடாது, சொல்லிட்டேன்."

அந்த நாளில் எவர்சில்வர் என்றால் லேசான பேச்சில்லை. சுலோச்சனா வீட்டில் இருந்ததெல்லாம் நசுங்கின அலுமினியமும் டீத்தூள் கூப்பனுக்கு வந்த ஒற்றை ஸ்பூனும்தான். இந்த வரனும் நழுவினால் அம்முலு காலத்துக்கும் அந்த வீட்டு மூலையிலேயே கிடக்க வேண்டியதுதான் என்று அக்காவுக்குப் பயம். கூப்பனில் செட்டு சேர்ப்பதற்குள் அம்முலுவுக்கு நரை விழுந்துவிடும்.

அந்த நேரம் பார்த்துச் சேட்டு வந்தான். பேர்தான் சேட்டு. வட்டிக்கடையெல்லாம் கிடையாது, சைக்கிளில் டீத்தூள் விற்கிறவன். ஓசிச் செய்திகளை சுலோச்சனாவுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறவன் அவன்தான்.

"அண்ணி, செங்கல்பட்டாண்ட ரைஸ் மில்லு மொதலாளி ஒருத்தருக்கு அறுபதாங் கல்யாணம். அன்னிக்கி ஏழபாழைங்களுக்குக் கும்பலா கல்யாணம் பண்ணி வெக்கிறாரு. தாலிக்குத் தங்கப் பொட்டு, பொடவ, வேட்டி, ஒரு குடும்பம் பொழங்கற எவர்சில்வர் சாமான் அத்தினியும் சும்மா. என்னிய ஜோடி புடிச்சாரச் சொல்லிக்கீறாங்க."

சுலோச்சனா அன்றைக்கே திருப்புட்குழிக்குப் பஸ் ஏறினாள். ராணியம்மாள் முறத்தைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

"எம் புள்ள இன்னா அநாதையா, பந்தில குந்தறா மாதிரி வரிசைல குந்திக்கினு தாலி கட்ட? கல்யாணம் எங்க பெருமாள் கோயில்லதான். சாமான நீ எங்கேர்ந்து கொண்ணாந்தா எனுக்கு இன்னா?"

கடைசியில் சொன்னாள் பாருங்கள், அந்த ஒரு வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டு சுலோச்சனா திரும்பி வந்தாள்.

"நானும் எங்க வூட்டுக்காரரும் போயி குந்திக்கினா இன்னா சேட்டு?"

சேட்டு அவள் காலைப் பார்த்தான். "அங்க ஒரு அம்மா கீது அண்ணி. அது கழுத்தப் பாக்காது, காலத்தான் பாக்கும். மெட்டி போட்ட வெரலு காட்டிக் குடுத்துடும். போன தபா அப்டிதான் ரெண்டு பேர தொரத்திச்சி."

சுலோச்சனா மெட்டியைச் சுழற்றி நகர்த்திப் பார்த்தாள். விரலைச் சுற்றி வரப்பு வெட்டின மாதிரி பள்ளம். திரும்பிப் புருஷன் காலைப் பார்த்தாள். வெடிப்பு இருந்தது, சேறு இருந்தது. கல்யாணம் ஆனதற்கு அடையாளமாக ஒன்றும் இல்லை. ஆம்பிளைக்கு அதை எங்கே தொட்டுப் பார்ப்பது?

"அப்ப அம்முலுவும் அவரும் குந்தட்டும்" என்றாள்.

சேட்டுவே தயங்கிச் சைக்கிள் பெல்லைத் தடவினான். "வேற யாராச்சும் பையன நிறுத்தலாமே அண்ணி?"

"வேற ஆளுன்னா சாமான்ல பங்கு கேப்பான். நம்மாளு கேப்பானா?"

"தாலியாச்சே அண்ணி."

"கூத்துல கட்டறது இல்லியா? விடிஞ்சா அவனவன் வேஷத்தக் கலச்சிட்டு வூட்டுக்குப் போகல?"

"கூத்துல கட்டிக்கிறவனும் ஆம்பள அண்ணி."

"சரிதான் போடா, பேச வந்துட்டான். ரெண்டு பேரு பேரையும் குடுத்துட்டு வா."

சின்னராசுவிடம் சொன்னபோது அவன் வெற்றிலையை மென்றுகொண்டே, "உனுக்கு சரின்னா எனுக்கு சரி" என்றான். அம்முலுதான் அழுதாள்.

"வாணாங்க்கா, பயமா கீது."

"உன் சாமானுக்குத்தானேடி நான் நாய் மாதிரி அலையிறேன்? செத்த நேரம் தலயக் குனிஞ்சிக்கினு குந்து. அப்புறம் உன் கல்யாணம் உனக்கு."

பந்தலில் ஜோடிகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மைக்கில் ஒருத்தர் முதலாளியை வாழ்த்திக்கொண்டே இருந்தார், பக்கத்தில் பேண்டு வாத்தியம், அதை அமுக்கிக்கொண்டு நாதஸ்வரம். சேட்டு சொன்ன அம்மா நிஜமாகவே குனிந்து குனிந்து ஒவ்வொரு பெண்ணின் காலையும் பார்த்துக்கொண்டு வந்தாள். அம்முலுவின் விரல்கள் வழுவழு என்றிருந்தன. அந்த அம்மாவுக்குத் திருப்தி. நிமிர்ந்து சுலோச்சனாவைக் கேட்டாள்.

"நீ யாரும்மா?"

"மாப்பிள்ளைக்கு அக்காங்க" என்றாள் சுலோச்சனா, வரும்போதே யோசித்து வைத்திருந்தபடி.

கெட்டிமேளம் கொட்டினார்கள். சின்னராசு மஞ்சள் கயிற்றை எடுத்து அம்முலுவின் கழுத்தில் வைத்து ஒரு முடிச்சுப் போட்டான். மைக்கில் குரல் வந்தது: "நாத்தனாருங்க மீதி ரெண்டு முடிச்சப் போடுங்கம்மா, சீக்கிரம்!" கால் பார்த்த அம்மா சுலோச்சனாவின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "போம்மா, அக்காதானே நீ?"

சுலோச்சனா குனிந்தாள். நெல் மூட்டைக்கு வாய் கட்டிப் பழகின கை. இரண்டு முடிச்சையும் நன்றாக இழுத்து இறுக்கிப் போட்டாள். அம்முலுவின் பிடரி வியர்த்திருந்தது. அவள் முகத்தை சுலோச்சனா பார்க்கவில்லை, பார்வை எல்லாம் பந்தல் ஓரத்தில் அடுக்கியிருந்த குடங்களின் மேல்.

சாமான்களைக் கோணியில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும், "கழட்டுடி அத. கும்பல்ல எவனாச்சும் அறுத்துக்கினு பூடப்போறான்" என்றாள்.

அம்முலு தாலியைக் கையால் மூடிக்கொண்டாள். "நானே எப்டிக்கா கழட்டுவேன்? மாமா உசுரோட கீறாரு."

சுலோச்சனாவுக்குச் சிரிப்பு வந்தது. பஸ் ஸ்டாண்டு என்று அடக்கிக்கொண்டாள். சின்னராசு எங்கேயோ போய்விட்டு வந்தான். கையில் இரண்டு முழம் மல்லிகை. ஒன்றை இவளிடம் நீட்டினான், ஒன்றை அம்முலுவிடம் நீட்டினான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் காசு கொடுத்துப் பூ வாங்கி அவள் பார்த்ததில்லை.

"பந்தல்ல சும்மா குடுத்தாங்களே, அதுக்குள்ள இன்னாத்துக்குக் காசக் கரியாக்குற?" என்று அதற்கும் சண்டை பிடித்தாள்.

வெள்ளிக்கிழமை கழட்டக் கூடாது, அமாவாசை போகட்டும், கிருத்திகை வருகிறதே என்று தாலி அம்முலுவின் ரவிக்கைக்குள்ளேயே நாள் கடத்தியது. சுலோச்சனாவும் பெரிதாக நெருக்கவில்லை. ஊரான் கண்ணில் படாமல் இருந்தால் சரி. அம்முலு சின்னராசுவை "மாமா" என்று கூப்பிடுவதை விட்டதையோ, அவன் சாப்பிடும்போது கதவோரம் போய் நிற்கத் தொடங்கியதையோ சொக்கம்மாள் எதிர்வீட்டிலிருந்தே கவனித்துவிட்டாள். கூடவே இருந்த சுலோச்சனா கவனிக்கவில்லை. அவளுக்கு எந்நேரமும் பாத்திரத்தின் மேலேயே கண். குடம், அண்டா, தட்டு, டம்ளர் என்று அடுக்கி, தினம் ஒரு தரம் இறக்கி, அம்முலுவைத் துடைக்கச் சொல்லி, திரும்ப அடுக்குவாள். எல்லாவற்றின் விளிம்பிலும் புள்ளிபுள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது. முதலாளி பேராயிருக்கும் என்று படிக்கத் தெரியாத சுலோச்சனா நினைத்துக்கொண்டாள். தர்மம் பண்ணுகிறவன் பேர் போட்டுக்கொள்ளாமல் இருப்பானா?

தேதி குறிக்க ராணியம்மாளும் கிருஷ்ணசாமியும் வந்தார்கள். சின்னராசு கழனிக்குப் போயிருந்தான். சுலோச்சனா அடுக்கைக் காட்டினாள். ராணியம்மாள் குடத்தைச் சுண்டிப் பார்த்தாள், அண்டாவுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"பரவால்ல, கனமாதான் கீது."

"புது டம்ளர்லயே காபி குடுடி அம்முலு" என்றாள் சுலோச்சனா, தெருவுக்குக் கேட்கிற மாதிரி.

அம்முலு குனிந்த தலையோடு வந்து டம்ளரைக் கிருஷ்ணசாமியின் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு, சூடு பட்டுவிடப் போகிறது என்கிற மாதிரி லேசாகத் திருப்பியும் வைத்தாள். எழுத்து அவன் பக்கம் வந்தது. அவன் எடுக்கப் போனவன் நின்றான்.

"யக்கா, சின்னராசுன்றது யாரு?"

"எங்க வூட்டுக்காரருதான் தம்பி. ஏன்?"

அவன் டம்ளரை வெளிச்சத்துக்குத் திருப்பி நிறுத்தி நிறுத்திப் படித்தான். "மணமக்கள் சின்னராசு, அம்முலு. அப்டினு போட்டுக்கீது."

ராணியம்மாள் எழுந்து போய் அம்முலுவின் கழுத்தண்டை குனிந்து பார்த்தாள். ரவிக்கை ஓரத்தில் மஞ்சள் தெரிந்தது. "இன்னாடி அது?"

அம்முலு மறைக்கவில்லை. தாலியை வெளியே எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, மேலேயே போட்டுக்கொண்டாள்.

"எழுந்துருடா" என்றாள் ராணியம்மாள் மகனிடம். "அந்தக் காபில வாய வெக்காத. அடிப்பாவி, உன் சக்களத்திய எம் புள்ள தலையில கட்டப் பாத்தியே! சாமான் சாமான்னு நீ பறந்தப்பவே எனுக்கு ரோசனை வந்திருக்கணும்."

தெருக்கோடி வரைக்கும் சுலோச்சனா பின்னாலேயே ஓடினாள். அது வேஷம், கூத்து மாதிரி, சும்மா கொடுத்தார்கள் என்று என்னவெல்லாமோ சொன்னாள். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. சொக்கம்மாள் வாசலில் நின்று, கூட்டுவதற்குக் குப்பையே இல்லாத இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் வந்து தங்கையின் மயிரைப் பிடித்தாள். "படிக்கத் தெரிஞ்ச முண்டைதானே நீ? உன் கண்ணுக்குத் தெரியலியா?"

"அன்னிக்கே பாத்துட்டேங்க்கா."

"பாத்துட்டு ஏண்டி சொல்லல?"

அம்முலு வலியோடு தலையைச் சாய்த்தபடியே சொன்னாள். "சொன்னா நீ அழிக்கச் சொல்லுவ."

ஊரைக் கூட்டியதும் சுலோச்சனாதான். கோயில் மரத்தடியில் நாலு பெரியவர்களை உட்காரவைத்து, மணியக்காரர் சுப்பிரமணியிடம் முறையிட்டாள். அந்தத் தாலியைக் கழட்டிவிடச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தன் வீட்டில் தன் இடம் தனக்கு வேண்டும். மணியக்காரர் எல்லாவற்றையும் கேட்டார், அவசரமே படாமல்.

"மொத முடிச்சு யாரு போட்டது?"

"அவருதாங்க."

"மீதி ரெண்டு?"

கூட்டத்தில் ஒருத்தன் கனைத்தான். சுலோச்சனா முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"உன்னத்தாம்மா கேக்கறேன்."

"நான்தாங்க போட்டேன்."

சிரிப்பு எழுந்தது, ஆனால் பாதியிலேயே அமுங்கியது. மணியக்காரர் சின்னராசு பக்கம் திரும்பினார். "நீ இன்னாடா சொல்ற? வாயில இன்னா கொழுக்கட்டையா?"

சின்னராசு தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தான். அது உரக் கம்பெனிக்காரன் கொடுத்த துண்டு. "கட்டினது கட்டினதுதாங்க. எனுக்கும் ஒரு ஆம்பளப் புள்ள வோணும். இவ வாளி வாங்கிக்கினு வந்துட்டா."

அதற்கப்புறம் பேச என்ன இருக்கிறது? பொண்டாட்டியே முன்னின்று முடிச்சுப் போட்டுக் கொடுத்த கல்யாணத்தை ஊர் எப்படிப் பிரிக்கும் என்றார் மணியக்காரர். உன்னை யாரும் போகச் சொல்லவில்லை, இருந்துகொள் என்றும் சொன்னார். அவள் வீட்டில் அவளை இருந்துகொள்ளச் சொன்னார்கள்.

இருந்தாள். அடுப்பு அம்முலு கைக்குப் போனது. நடு வீட்டில் பாய் அவளுக்கு. சுலோச்சனாவும் பெண் குழந்தைகளும் மாட்டுக் கொட்டகையை ஒட்டின தாழ்வாரத்தில். அம்முலு கெட்டவளில்லை, அக்காவுக்குத்தான் முதலில் சோறு போடுவாள், அதுவும் எவர்சில்வர் தட்டில். சுலோச்சனா அதைத் தள்ளிவிட்டு அலுமினியத்தை எடுத்துக்கொள்வாள். ஒருநாள் யாருக்கும் தெரியாமல் ஒரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு காஞ்சிபுரத்துப் பாத்திரக்கடைக்குப் போய், அந்த எழுத்தை அழித்துத் தரச் சொன்னாள். கடைக்காரன் விரலால் தடவிப் பார்த்தான்.

"ராவினா ஓட்டை வுழுந்துடும்மா. தானமா வந்தத விக்கக் கூடாதுன்னுதான் ஆழமா வெட்டிக் குடுக்கறாங்க. வோணும்னா கீழ எடம் கீது, இன்னொரு பேரு வெட்டித் தரட்டா?"

தட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். போக வர பஸ் சார்ஜ் தண்டம்.

மறு வருஷம் அம்முலுவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. சின்னராசு தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தான். சுலோச்சனா வீட்டிலிருந்து ஓசியில் ஒரு பொருளைத் தெரு வாங்கியது அதுதான் முதல் தடவை என்று சொக்கம்மாள் நாக்கில் சர்க்கரையை வைத்துக்கொண்டே சொன்னாள்.

அந்த ஐப்பசியில் சேட்டு வந்தான். இத்தனை நாள் அந்தத் தெருப்பக்கமே வராமல் சுற்றிக்கொண்டு போனவன். சுலோச்சனா வாசலில் குந்திக் குழந்தையின் துணியை அலசிக்கொண்டிருந்தாள். பச்சை வாளியின் அடியில் விரிசல். பிளாஸ்டிக்கை உருக்கி அடைத்தும் தண்ணீர் கசிந்து அவள் கால்மாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

சேட்டு சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான். "அண்ணி, கோச்சிக்காத. ஒரு சேதி. காஞ்சிபுரத்துல புருஷன் வுட்ட பொம்பளைங்களுக்குத் தையல் மிஷின் சும்மா தராங்களாம். மணியக்காரரு ஒரு வார்த்த சொன்னா போதும். உனுக்குன்னா சொல்லுவாரு."

சுலோச்சனா அலசுவதை நிறுத்தினாள். கண்ணில் பழைய வெளிச்சம் ஒரு கணம் வந்தது. "கால் மிஷினா, கை மிஷினா?"

"கால் மிஷினு அண்ணி. புதுசு."

"அதுல பேரு வெட்டித் தருவாங்களா?"

"தருவாங்க. விக்கக் கூடாது இல்ல? இன்னாரு வுட்ட பொஞ்சாதி இன்னாருன்னு தகட்டுல அடிச்சி..." சேட்டு பாதியில் நிறுத்திக்கொண்டான்.

உள்ளே அம்முலு எவர்சில்வர் குடத்தை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. சுலோச்சனா துணியைப் பிழிந்தாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"எனுக்கு வாணாம் சேட்டு" என்றாள். "வேற வூடு பாரு."

சும்மா கிடைக்கிற பொருளைச் சுலோச்சனா வேண்டாமென்று சொன்னதை எதிர்வீட்டிலிருந்து சொக்கம்மாள் கேட்டாள். அன்றைக்கு அதை அவள் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள்தான் சொன்னாள்.